மேளத்தை உறைய வைக்கலாமா?

சித்திரா பௌர்ணமியன்று பளியங்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்கு வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே அனுமதி பகலுக்கு மட்டும்தான். ஆனால் கூடலூரிலும் கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் திருவிழா இசை களைகட்டுவது ராத்திரியில். தெருவில் நையாண்டி மேளமும் கரகாட்டமும். மேடை போட்டால், பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டுகளோடு இன்னிசைக் கச்சேரி. முதல் கேமராவோடு இந்தக் கூட்டத்துக்குள் நுழைகிற இளைஞருக்கு எல்லோரும் சொல்லித் தருவது மூன்று விதிகள்: ஃபிளாஷ் போடாதே, லென்ஸை முழுக்கத் திற, ஷட்டரை வேகமாக வை. இவை பெரும்பாலும் மேடை விளக்குகளுக்கு நடுவே உருவான விதிகள். மேலைநாட்டு ராக் கச்சேரிகளில் பத்திரிகைப் படக்காரர்களுக்கு முதல் மூன்று பாட்டு வரைதான் அனுமதி, அதுவும் ஃபிளாஷ் இல்லாமல். டியூப்லைட்டுக்கு அடியில் நடக்கும் தெரு மேளத்துக்கு இவை எவ்வளவு பொருந்தும்?

முதல் விதிக்கு வலுவான நியாயம் இருக்கிறது. கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷின் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் எட்டாது. முன்னால் நிற்பவரின் முதுகு வெளுத்துப்போகும், பின்னால் இருக்கிற மேளம் இருட்டில் மூழ்கும். சீரியல் செட்டின் நிறம், பந்தலின் மஞ்சள் ஒளி எல்லாம் காணாமல் போய், எந்த ஊர்த் திருவிழா என்றே தெரியாத படம் மிஞ்சும். தலையில் கரகத்தை நிறுத்தி ஆடுகிறவரின் கண்ணில் திடீரென ஒளி பாய்ச்சுவது அவர் தொழிலுக்கே இடைஞ்சல். இருந்தும், ஃபிளாஷ் என்றாலே கெட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். படக்காரர் ஹெர்மன் லெனார்ட் 1948-இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப்பில் ஜாஸ் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனை எடுத்த படத்தில் சிகரெட் புகை அப்படிச் சுடர்வதற்குக் காரணம், அவர் இடம் பார்த்து வைத்த ஃபிளாஷ் விளக்குகள்தான். விளக்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் நேரமும் அவருக்கு இருந்தன. தெருவில் அந்த இரண்டும் கிடைக்காது. ஆகவே இந்த விதி இங்கே நிற்கிறது.

இரண்டாவது விதி கணக்கில் ஜெயித்து, படத்தில் தடுமாறுகிறது. கேமராவோடு வரும் 18–55 லென்ஸ், உருப்பெருக்கினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. தனியாக வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண ஏ.பி.எஸ்.-சி கேமராவில் எஃப் 1.8 வைத்து 3 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண். நாதஸ்வரமோ மூன்று அடி நீளம். எதிரே நின்று வாசிப்பவரின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வாயில் வைத்த சீவாளி தெரியும், மறுமுனையில் உள்ள அணசு கரைந்துவிடும். பக்கத்தில் நிற்கும் தவில்காரர் வெறும் நிறத்திட்டு ஆகிவிடுவார். நாதஸ்வரம் விட்ட இடத்தைத் தவில் பிடித்துக்கொள்வதும், பம்பையும் உறுமியும் நடுவே புகுவதும்தான் நையாண்டி மேளம். தனிப் பாடகரை ரசிகர்களிடமிருந்து பிரித்துக் காட்டப் பயன்படுகிற முறை, ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும் குழுவைக் கலைத்துவிடுகிறது. பக்கவாட்டில் நகர்ந்து, எஃப் 2.8-க்கு இறங்கி எடுப்பதுதான் மேளத்துக்கு நியாயம்.

இழந்த ஒளியை ஐ.எஸ்.ஓ. ஈடுகட்டும். 3200, 6400 என்றதும் புதியவர்கள் பயப்படுகிறார்கள். புள்ளி புள்ளியான படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். தவறிய ஃபோகஸை ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது விதியில்தான் பெரிய ஓட்டை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டரை 1/250 என்று வைத்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டு மட்டும் படத்தில் விழும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கியும், நிறம் மாறியும் இருப்பதற்கு இதுதான் காரணம். பழி கேமராவின் மேல் விழுகிறது. 1/100 வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கம் உள்ளே வந்துவிடும், ஒளி சீராகும். மேடையின் எல்.ஈ.டி. விளக்குகளுக்கு இந்தக் கணக்கு எப்போதும் பொருந்தாது; அவற்றின் துடிப்பு வேறு. அங்கே தனிச் சிவப்பும் தனி நீலமும் முகத்தின் விவரத்தையே அழித்துவிடும். வெள்ளை விளக்கு விழும் நொடிக்குக் காத்திருப்பதும், ரா கோப்பாக எடுப்பதும், ஒளி அளவை ஒரு படி குறைப்பதும் அங்கே கைகொடுக்கும்.

1/100-இல் தவில்காரரின் கோல் அசைந்துதான் விழும். அது குறையா? கோலையும் கூடு மாட்டிய விரல்களையும் அந்தரத்தில் நிறுத்திய படத்தில், வாசிக்கிறாரா, படத்துக்காகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறாரா என்றே தெரியாது. முகம் தெளிவாக இருந்து கை மட்டும் கலங்கினால் அடியின் வேகம் கண்ணுக்கு வருகிறது. ஜாஸ் கலைஞர்களைக் கிடைத்த வெளிச்சத்திலேயே எடுத்த ராய் டிகராவா, இருட்டையும் அசைவையும் படத்திலிருந்து விரட்டவில்லை. 2001-இல் வெளிவந்த ‘தி சவுண்ட் ஐ சா’ தொகுப்பு இதற்குச் சான்று. ஆனால் முகமும் சேர்ந்து கலங்கிய படத்தைக் கலை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எது அசையலாம், எது அசையக் கூடாது என்று எடுப்பவர் தீர்மானித்திருக்க வேண்டும். செல்போனின் நைட் மோடு பறித்துக்கொள்வது அந்தத் தீர்மானத்தைத்தான். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. நிற்பவர்கள் துல்லியமாக வருவார்கள், வாசிக்கும் கை பாதி மறைந்துவிடும்.

இந்த மூன்று விதிகளும் தொடாத ஒன்று, படக்காரர் எங்கே நிற்கிறார் என்பது. கரகாட்டம் ஆடும் பெண்களைத் தரையோடு கேமராவை வைத்துக் கீழிருந்து எடுக்கும் பழக்கம் திருவிழாக்களில் பரவியிருக்கிறது. எந்த எண்ணைத் திருப்பினாலும் அந்தக் கோணத்தைத் திருத்த முடியாது. ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்பதும், கண் மட்டத்தில் நின்று எடுப்பதும் ஒழுக்கம் மட்டுமல்ல. கரகத்தின் சமநிலை, முகத்தின் உழைப்பு இரண்டும் அந்த உயரத்திலிருந்துதான் தெரியும்.

ஆக, மூன்று விதிகளில் ஃபிளாஷைப் பற்றியதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் இருட்டை எதிரியாக நினைத்து, அதை முழுக்க வெல்லச் சொல்கின்றன. குறைந்த ஒளியில் ஆழம், அசைவின்மை, சுத்தம் மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை வாசிக்கப்படும் இசைதான் சொல்ல வேண்டும். தெரு மேளத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதது கூட்டு வாசிப்பு. எஃப் 2.8, 1/100, ஐ.எஸ்.ஓ. 6400 என்று தொடங்கி, குழுவின் பக்கவாட்டில் நிற்கும் புதியவர், முழுக்கத் திறந்த லென்ஸோடு எதிரே நிற்பவரைவிட மேளத்துக்கு நெருக்கமான படத்தோடு வீடு திரும்புவார்.