எத்தனை யூனிட்?

திருச்சியில் ஒரு புத்தகக் கண்காட்சி. ஒரு கடையில், "சக்தியைப் பற்றிய நூல்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டேன். "எந்தச் சக்தி சார்? சூரிய சக்தியா, குண்டலினி சக்தியா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. காற்றாலை, சாண எரிவாயு, சூரிய மின்தகடு பற்றிய நூல்களும், பிராண சக்தி, ஆழ்மன சக்தி பற்றிய நூல்களும் அவருடைய மேசையில் ஒரே வரிசையில்தான் அடுக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் சிலவற்றை வாங்கிக்கொண்டு ஜீயபுரம் வந்து சேர்ந்தேன். ஏற்கெனவே என்னிடம் இருந்த சில ஆங்கில நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாத காலம் படித்தேன்.

சக்தி என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. பாடநூல்கள் 'ஆற்றல்' என்று சொல்வதும் அதுதான்: வேலை செய்யும் தகுதி. அது அளக்கத்தக்கது; ஓர் உருவிலிருந்து இன்னோர் உருவுக்கு மாறுமேயன்றிப் புதிதாகத் தோன்றாது, அழியாது. "உடம்பில் சக்தியே இல்லை" என்று நாம் சலித்துக்கொள்ளும்போது சொல்வது வேறொரு பொருள்; ஊக்கம், தெம்பு, மனநிலை எல்லாம் அதில் கலந்திருக்கும். இரண்டு வழக்குகளிலும் தவறில்லை. ஆனால் முதல் பொருளின் மதிப்பைக் கடன் வாங்கிக்கொண்டு, அதன் கணக்குக்கு மட்டும் கட்டுப்பட மறுக்கும் நூல்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு.

எந்தச் சக்தி நூலிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை யூனிட்? மின்சார அட்டையில் நாம் காணும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் 120 அடி உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், கிடைப்பது ஒரு யூனிட்தான். 120 அடி என்பது மேட்டூர் அணையின் முழு நீர்மட்ட அளவு. இனி எங்கள் ஊர்க் கணக்கு. முக்கொம்பை ஒட்டிய இந்தக் காவிரிக் கரையில் திரும்பிய பக்கமெல்லாம் வாழை. நல்ல பருமனான ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 100 கிலோகலோரி இருக்கிறது. இது 0.12 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 9 வாட் எல்.இ.டி. விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரிக்கப் போதும். நாளொன்றுக்கு 2,400 கிலோகலோரி உண்ணும் ஒருவர் உட்கொள்வது மொத்தம் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. மனித உடலின் சக்தி வரவு இவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்குச் சிறப்பாக விடையளிக்கும் நூல், கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் டேவிட் மெக்கே 2008-இல் வெளியிட்ட 'சஸ்டெய்னபிள் எனர்ஜி - வித்தவுட் த ஹாட் ஏர்'. கார், குளியல், விமானப் பயணம், காற்றாலை, கடலலை எல்லாவற்றையும் அவர் ஒரே அளவுகோலில் நிறுத்துகிறார்: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோவாட் மணி. கைபேசி சார்ஜரை ஒரு நாள் முழுதும் அணைத்து வைத்து மிச்சப்படுத்தும் ஆற்றல், கார் ஒரு விநாடி ஓடுவதில் செலவாகிவிடும் என்று அவர் போட்டுக்காட்டும் கணக்கைப் படித்தவர்கள், சிக்கனம் பற்றிய துண்டுப் பிரசுரங்களைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்கள். குறையும் உண்டு. குளிர்நாட்டு வீட்டைச் சூடாக்கும் கவலை பக்கம் பக்கமாக வருகிறது. ஏற்றமும் கவலையும் இறைத்த நாட்டில் இறைப்புக்குத் தனி அத்தியாயமே வேண்டும். ஒரு திடமான ஆள் நாள் முழுதும் தொடர்ந்து உழைக்கக்கூடிய திறன் சுமார் 75 வாட். 5 குதிரைத் திறன் பம்பு அப்படிப்பட்ட ஐம்பது பேருக்குச் சமம்!

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான நூல் 'எனர்ஜி ஃபார் எ சஸ்டெய்னபிள் வேர்ல்டு' (1988). அதன் நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமூல்ய ரெட்டி. மக்களுக்கு வேண்டியது கிலோவாட் அன்று. வெளிச்சம், வெந்த சோறு, இறைத்த தண்ணீர் என்பது அவருடைய வாதம். நல்ல கருவிகளைப் பயன்படுத்தினால், தலைக்கு ஒரு கிலோவாட் வீதத்தில், வளரும் நாட்டு மக்களும் 1970களின் மேற்கு ஐரோப்பிய வாழ்க்கை வசதிகளை எட்டலாம் என்று நூல் கணக்கிட்டது. நடை வறட்சியானது. ஆனால் கர்நாடகத்தின் புரா என்ற சிற்றூரில், விறகு பொறுக்குவதிலும் தண்ணீர் சுமப்பதிலும் பெண்களும் சிறுவர்களும் செலவிடும் உழைப்பையும் ஊரின் ஆற்றல் கணக்கில் சேர்த்த குழு அவருடையது. சிற்றூரை நேரில் பார்த்தவர் எழுதிய நூல் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

இவற்றோடு ஒப்பிட, கண்காட்சியில் வாங்கிய தமிழ் நூல்கள் என்னைச் சோர்வடையச் செய்தன. அவற்றில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் திறனும் ஆற்றலும் கலந்துவிடுகின்றன. "நாளொன்றுக்கு 5 கிலோவாட் மின்சாரம் உற்பத்தியாகும்" என்று ஒரு நூலில் இருக்கிறது. கிலோவாட் என்பது குழாயிலிருந்து தண்ணீர் விழும் வேகத்தைப் போன்றது. யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்சம் அது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரவும் பகலும் ஓய்வின்றி ஓடும் அதே திறனுள்ள அனல் நிலையம் தருவதில் இது ஆறில் ஒரு பங்குதான். இதைச் சொல்வதால் சூரியனுக்குக் குறைவொன்றும் இல்லை. நிலக்கரியும் சாம்பலும் இல்லாமல் கிடைக்கும் மின்சாரம் அது. சொல்லாமல் விடுவதால், தகடு போட்ட வாசகர் முதல் மாதமே ஏமாந்ததாக நினைப்பார்.

இனி மேசையின் மறுபாதி. இங்கே அதிகம் காணப்படுவது ஐன்ஸ்டீன் சமன்பாடு. ஒரு கிராம் பொருள் முழுவதும் ஆற்றலாக மாறினால் இரண்டரைக் கோடி யூனிட். ஆகவே நீ அளவற்ற சக்தியின் உறைவிடம் என்கிறார்கள். பெருக்கல் சரி. ஆனால் அந்த ஆற்றலில் ஒரு யூனிட்டைக்கூட மூச்சோ தியானமோ வெளியே எடுப்பதில்லை. உடலில் நடப்பது ரசாயன மாற்றம். அதற்கு வேண்டியது பழமும் சோறும். உணவின் கணக்குக்கு அப்பால் உடலில் வேறொரு சக்தி உண்டா என்பதும் எப்போதோ சோதிக்கப்பட்டுவிட்டது. 1890களில் அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பவர், ஆட்கள் நாள்கணக்கில் தங்கும்படி ஓர் அறை அமைத்து, உண்ட உணவையும் வெளிப்பட்ட வெப்பத்தையும் அளந்தார். வரவும் செலவும் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தின. விளக்கம் தேடும்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆற்றல் அழிவின்மை விதியே மனித உடலைப் பார்த்துத்தான் தொடங்கியது என்பது இந்நூலாசிரியர்களுக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். 1840-இல் ஜாவா சென்ற கப்பல் மருத்துவர் மேயர், வெப்ப நாட்டில் மாலுமிகளின் சிரை ரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டு சிந்திக்கத் தொடங்கியவர்.

வேதாத்திரி மகரிஷியின் நூல்களில் வரும் 'ஜீவகாந்தம்' இன்னொரு வகை. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியால் பயன் பெற்றவர்கள் பலர். அதை மறுக்க எனக்கு எண்ணமில்லை. என் கேள்வி 'காந்தம்' என்ற சொல்லைப் பற்றியது. இதயத் துடிப்பால் உடலைச் சுற்றி மெய்யாகவே காந்தப்புலம் எழுகிறது, அதை அளந்திருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலத்தில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. அந்நூல்கள் பேசும் காந்தம் இதுவன்று என்றால், அதற்கு வேறு பெயர் இட்டிருக்கலாம். கையசைவால் பிறர் உடலின் சக்தியை உணர்வதாகச் சொல்லும் நூல்களுக்கோ, 1998-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான சோதனையே போதும். எமிலி ரோஸா என்ற சிறுமி, ஒரு மறைப்புக்குப் பின்னிருந்து, அக்கலையில் பழகிய 21 பேருடைய ஏதாவதொரு கைக்கு மேல் தன் கையை நீட்டி, "எந்தக் கை?" என்று கேட்டாள். 280 முறையில் சரியான விடை 123. காசு சுண்டியிருந்தால் 140 வந்திருக்கும்.

சொல் குழம்பினால் என்ன கேடு என்று கேட்கலாம். ஜீயபுரத்தில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். வாழைத் தோட்டத்தில் நெடுங்காலம் வெறுங்காலோடு வேலை செய்தவர். படியேறினால் மூச்சு வாங்குகிறது, சக்தியே இல்லை என்றார். அன்புள்ள ஒருவர் பிராண சக்தி நூல் ஒன்றைக் கொடுத்தார். அத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, எட்டு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தார். நூலில் ஓர் இடத்திலாவது, "களைப்பு நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்ற வரி இல்லை; நான் தேடிப் பார்த்தேன். முடிவில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7 கிராம். கொக்கிப்புழு. பாதத்தின் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும் புழு அது. ரத்தத்தில் இரும்பு குறைந்தால், உழைக்கும் வேளையில் தசைகளுக்குப் பிராணவாயு போதிய அளவு சேராது. ஆக்சிஜனுக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் பிராணவாயு! அத்தைக்குக் குறைந்திருந்தது அந்தப் பிராணன்தான்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. உயிர்ச்சக்தி நூல்களை வாங்குவோரில் அவர்கள் எத்தனை பேரோ! அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும் பதிப்பாளரின் நூலை இதே பக்கத்தில் பாராட்டி எழுத நான் தயார். காவிரிப் பாசனத்தையும் பம்புசெட்டையும் வாழையையும் வைத்து, மெக்கேயின் முறையில் தமிழில் ஒரு நூல் யாராவது எழுதினால் அதற்கு இரண்டு பக்கம் கேட்டு வாங்குவேன்.

புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, ஒரு ஜோடி செருப்பு. ஆறு மாதத்தில் அத்தையின் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது. மூச்சுப் பயிற்சியை அவர் விடவில்லை. காலையில் மனது அமைதியாக இருக்கிறது என்கிறார்.