மீன்தொட்டிக்கு ஒரு குட்டி விசிறி
கோடையில் மீன்தொட்டியைக் குளிர்விக்க, கணினிக்குள் சுழலும் 12 வோல்ட் விசிறியே போதும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளாதபடி வலை விரித்து, காற்று நீர்ப்பரப்பின்மேல் சாய்வாகப் படும்படி விசிறியைப் பொருத்த வேண்டும். குளிர்ச்சியைத் தருவது ஆவியாதல்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகையில் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் தணிக்கக்கூடிய அளவு அது! அறையின் வெப்பம் மீண்டும் நீரில் ஏறுவதால் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். அதுவே பெரிய உதவி. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரையாகக் குறைகிறது; தங்கமீன் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான். சென்னைப் புழுக்கத்தில் ஆவியாதல் மந்தமாகும். எதிரெதிர் சன்னல்களைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டும். குறையும் நீரைக் குளோரின் போக்கிய நீரால் அன்றாடம் நிரப்புங்கள். உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், வாரந்தோறும் கொஞ்சம் நீரை மாற்றவும் தவறாதீர்கள்.