கசிந்த காஸா, எரிந்த காஸா?

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் வெந்நீர் இல்லாமல் அதிகாலையில் குளிக்க முடியாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர் பொழுது விடியுமுன்பே குளித்துத் தயாராக வேண்டும். விறகடுப்புக்கு வாடகை வீட்டில் இடமில்லை. மின்சார பாய்லரில் தண்ணீர் காயும்வரை பொறுத்திருக்க நேரமில்லை. திருகியதும் சுடுதண்ணீர் தரும் காஸ் கீஸர் பெங்களூரைப் போலவே இங்கும் குடியேறியதற்கு இதுவே காரணம். மலைப்பாங்கான குளிர்ப் பிரதேசங்களில் அறையைச் சூடாக்கவும் காஸ் ஹீட்டரைப் பயன்படுத்துகிறார்கள்.

இக்கருவிகளால் நேரும் சாவுகள் புதியவை அல்ல. பெங்களூரில் குளியலறைச் சாவுகள் பல குளிர்காலங்களில் செய்தியாகியிருக்கின்றன. அத்தகைய செய்திகளிலும் எச்சரிக்கைத் துண்டுத்தாள்களிலும் மூன்று தொடர்கள் அடிக்கடி வரும். ஒன்று, ‘காஸ் கசிவு’. இரண்டு, ‘மூச்சுத் திணறல்’. மூன்று, ‘காற்றோட்டமான இடத்தில் பொருத்தவும்’. இம்மூன்றையும் பௌதிகத்தின் துணைகொண்டு சற்றே பரிசீலிப்போம். முதல் இரண்டும் பிழையானவை, மூன்றாவது போதாதது என்பது என் கருத்து.

‘காஸ் கசிவு’

கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்றிருந்த எட்டுப் பேர், 2020 ஜனவரி 21 அன்று, தாமன் என்ற மலையூர் விடுதியின் அறையில் மயங்கிக் கிடந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றும் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. இரவெல்லாம் அறையில் காஸ் ஹீட்டர் எரிந்திருக்கிறது. கதவும் சன்னல்களும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தன. இதைப் பற்றி வந்த செய்திகள் பலவற்றில் ‘காஸ் கசிவு’ என்ற சொல்லே இடம்பெற்றது.

கசிந்த காஸ் வேறு, எரிந்த காஸ் வேறு. சிலிண்டரில் உள்ளது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். இதற்கு இயல்பில் மணம் இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே கசிந்தால் தரையோரம் தங்கும். பொறி பட்டால் வெடிக்கும். கசிவில் அஞ்சவேண்டியது தீயையும் வெடிப்பையுமே.

எரிந்தபின் கதை மாறுகிறது. ஒரு கிலோ காஸ் முழுமையாக எரியச் சுமார் 3.6 கிலோ பிராணவாயு வேண்டும். எரிந்து முடிந்ததும் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயுவும் 1.6 கிலோ நீராவியும் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் இருபுறமும் 4.6 கிலோ. இது காற்றுத் தாராளமாகக் கிடைக்கும்போது நடப்பது. காற்றுப் போதாவிட்டாலும், சுடர் குளிர்ந்த செம்புக் குழாயில் மோதினாலும், கார்பனில் ஒரு பகுதி பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. நாற்றப்பொருளாகச் சேர்த்த மெர்காப்டனும் சுடரிலேயே எரிந்துபோயிருக்கும்.

‘காஸ் கசிவு’ என்ற சொல் செய்யும் கேடு இதுதான். அதைப் படித்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மோந்து பார்க்கிறார். ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார். நாற்றமும் இல்லை, குமிழியும் இல்லை என்று நிம்மதியாகக் குளிக்கப் போகிறார். அவர் செய்த சோதனை சரியானதே. ஆனால் அது கசிவுக்கான சோதனை. எரிந்த வாயு மூக்குக்கும் தெரியாது, சோப்பு நுரைக்கும் தெரியாது.

‘மூச்சுத் திணறல்’

இச்சொல் இன்னொரு தவறான நம்பிக்கையை வளர்க்கிறது. ஆபத்து வந்தால் மூச்சு முட்டும், உடனே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். கார்பன் மோனாக்சைடு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதால். கார்பன் மோனாக்சைடு அந்த எச்சரிக்கை மணியைத் தொடுவதே இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிடி பிராணவாயுவின் பிடியைவிட 200 மடங்குக்கும் மேல் வலிமையானது. நெஞ்சு சீராக மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும்; மூளைக்கு மட்டும் பிராணவாயு போய்ச் சேராது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு கால் தளர்ச்சி, மயக்கம் என்று வரிசையாக வரும். கதவைத் திறக்கவேண்டும் என்ற எண்ணம் தோன்றும்போது தாழ்ப்பாளைத் தொடும் பலம் இராது.

இந்திய மருத்துவ இதழ்கள் இதற்குக் ‘காஸ் கீஸர் நோய்க்குறி’ என்றே ஒரு பெயர் இட்டிருக்கின்றன. சிலருக்கு இது வலிப்புப்போல் தோன்றுவதால், குளியலறையில் விழுந்தவரை வலிப்பு நோயாளி என்று தவறாகக் கருதிவிடவும் வாய்ப்புண்டு.

இக்காலத்துக்குரிய எச்சரிக்கை ஒன்றையும் சொல்லவேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. மயங்கியவரின் விரலில் அதை மாட்டி 98 என்று காட்டக் கண்டு ஏமாறக்கூடாது. சாதாரண ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியைக் கொண்டு அளப்பது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பாகவே இருப்பதால் கருவிக்கு வேறுபாடு தெரியாது.

‘காற்றோட்டமான இடம்’

மூன்றாவது தொடர் பிழையன்று. ஆனால் அளவு சொல்லாத அறிவுரை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி சென்டிகிரேடு சூடேற்றும் கீஸர், நிமிடத்துக்குச் சுமார் 17 கிராம் காஸை எரிக்கும். ஓசூர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கனமீட்டர் காற்றில் உள்ள பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறைவு. ஆகவே இங்கே ஒரு கிலோ காஸுக்குச் சுமார் 14 கனமீட்டர் காற்றுத் தேவை. பத்து நிமிடக் குளியலுக்கு 2.4 கனமீட்டர். வாடகை வீட்டுக் குளியலறை 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்றால் அதன் கொள்ளளவே 7.5 கனமீட்டர்தான். மூடிய அறையில் மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு ஒரே குளியலில் தீரும். காற்றில் 21 சதவீதம் இருக்கும் பிராணவாயு 18 சதவீதமாக இறங்கினாலே தானாக அணைந்துவிடும் உணர்வுக்கருவியைச் சில அறை ஹீட்டர்களில் வைக்கிறார்கள். நமது குளியலறையில் அந்த எல்லையை ஐந்து நிமிடத்துக்குள் தாண்டிவிடுவோம். கதவிடுக்கு வழியே சிறிது காற்று வரும். அதை நம்பி ஒருவருக்குப்பின் ஒருவராக மூவர் குளித்தால் மூன்றாமவர் நிலை என்ன?

‘சன்னலைத் திறந்து வையுங்கள்’ என்பார்கள். குளிருக்காகத்தான் கருவியை வாங்குகிறோம். அதே குளிருக்காகத்தான் சன்னலை அடைக்கிறோம், வென்டிலேட்டர் கண்ணாடி இடுக்கில் அட்டையைச் செருகுகிறோம். கருவி அதிகம் எரியும் நாளும் சன்னல் இறுக அடைபட்டிருக்கும் நாளும் ஒன்றே. மனிதப் பழக்கத்துக்கு நேர் எதிரான ஒரு நிபந்தனையின்மேல் உயிர்ப் பாதுகாப்பை ஏற்றி வைப்பது நல்ல பொறியியல் ஆகாது.

பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு காஸ் பாதுகாப்பு விதிகள் இந்த உண்மையை ஒப்புக்கொண்டு எழுதப்பட்டவை. குளியலறையில் காஸ் கருவி வைப்பதானால், எரியும் அறை முழுதும் அடைக்கப்பட்டு, காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே தள்ளும் வகையாகவே இருக்கவேண்டும் என்கின்றன. அப்போது குளிப்பவர் சன்னலைத் திறந்தாரா என்ற கேள்வியே எழாது.

குழாய் எப்படி வேலை செய்கிறது?

புகைக்குழாய் உள்ள கருவி நல்லதுதான். ஆனால் சுவரில் ஒரு துளை போட்டுக் குழாயைச் செருகிவிட்டால் புகை தானே போய்விடும் என்று எண்ணக்கூடாது. புகையை வெளியேற்றும் சக்தி மிகச் சிறியது. புகை 150 டிகிரியும் வெளிக்காற்று 15 டிகிரியும் இருந்து, குழாய் நேராக 2 மீட்டர் மேலேறினால், இரண்டின் அடர்த்தி வேறுபாட்டால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 7 பாஸ்கல். முக்கால் மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம் அவ்வளவுதான். ஓசூரின் காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் பதின்மூன்றாயிரத்தில் ஒரு பங்கு!

இத்தனை மெல்லிய இழுப்பை ஒரு வளைவோ, குருவிக்கூடோ, எதிர்க்காற்றோ கெடுத்துவிடும். எல்லாவற்றையும்விடக் கெடுப்பது, நல்லெண்ணத்தோடு மாட்டும் எக்ஸாஸ்ட் விசிறி. கதவு அடைத்த அறையில் விசிறி சுழன்றால் அறையின் அழுத்தம் 7 பாஸ்கலுக்கும் அதிகமாகக் குறையலாம். வெளியே போகவேண்டிய புகை குழாய் வழியே அறைக்குள் திரும்பும்.

பொருத்தும் முறை

முதல் வழியே சிறந்த வழி: கீஸரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில், மழை படாமல் மாட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது. கடைகளில் கிடைக்கும் சிறிய கீஸர் பலவற்றில் புகைக்குழாயே இல்லை. தலைப்பக்கத் துளைகள் வழியே புகை அறையில்தான் பரவும். அவற்றுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை.

படுக்கையறைக்கு ஹீட்டர் வேண்டுமானால் அடைபட்ட எரியறை உள்ளதை வாங்குங்கள். இல்லையேல் மின்சார ஹீட்டரே மேல். திறந்த எரியறையும் புகைக்குழாயும் உள்ளதைக் கூடத்தில் வைப்பதானால், குழாய் உலோகத்தால் ஆனதாக, கருவியின் வாயளவுக்குக் குறையாத விட்டத்தோடு, கூடியவரை நேராக மேலேறட்டும். கிடையாகப் போகும் இடம் குறுகியதாகவும், வெளிப்புறம் நோக்கிச் சற்றே உயர்ந்தும் இருக்கட்டும். பி.வி.சி. குழாய் கூடாது. அதன் முனை திறந்த வெளிக்குப் போகவேண்டும். பக்கத்து வீட்டுச் சன்னலுக்கடியிலோ, மூடிய பால்கனியிலோ, கட்டிடத்தின் நடுவிலுள்ள குழாய்ச் சந்திலோ முடியக்கூடாது. முனைக்கு மழையும் பறவையும் புகாத தொப்பி வேண்டும். அறைக்குள் காற்று வரத் தனியே ஒரு துளை, எவராலும் அடைக்க முடியாதபடி, இருக்கவேண்டும். அதே அறையில் எக்ஸாஸ்ட் விசிறி வேண்டாம். சிலிண்டர் வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பொருத்தி முடித்ததும் ஊதுபத்திச் சோதனை செய்து பாருங்கள். கதவு சன்னல்களை அடைத்து, வீட்டிலுள்ள எல்லா எக்ஸாஸ்ட் விசிறிகளையும் ஓடவிட்டு, கருவியைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு புகைக்குழாய் தொடங்கும் வாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. அறைப்பக்கம் திரும்பினால் உடனே அணைத்துவிட்டு, குறை தீரும்வரை கருவியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் இதைச் செய்யவேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்க முடிந்தவர்கள் வாங்கி மாட்டுவதும் பயனுள்ளது.

யாரேனும் மயங்கிவிட்டால் கதவைத் திறந்து, காஸை அடைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு விரையுங்கள். ‘காஸ் கீஸர் எரிந்த அறையில் இருந்தார்’ என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய பிராணவாயு கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும்.

யார் பொறுப்பு?

கருவியின்மேல் உள்ள தர முத்திரை கருவிக்குத் தரப்பட்டது. அதை மாட்டும் அறைக்குத் தரப்பட்டதன்று. அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. விற்பவர் பெட்டியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்கிறார். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்ததோடு. பிறகு இறந்தவர் சன்னலைத் திறக்கவில்லை என்று பழி அவர்மேலேயே விழுகிறது. விற்பவரே தகுந்த ஆளை அனுப்பிப் பொருத்தி, ஊதுபத்திச் சோதனையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிச் செல்லவேண்டும். வாடகைக்கு விடுபவர், குளியலறைக்குள் கீஸர் இருந்தால் அதை வெளியே மாற்றித் தரவேண்டும். செய்தி எழுதுவோர், கசியாத காஸைக் கசிந்ததாக எழுதுவதை நிறுத்தி, ‘கருவியின் புகையால் சாவு’ என்று எழுதினால், படிப்பவர் கண் ரப்பர் குழாயை விட்டுப் புகைக்குழாயின் பக்கம் திரும்பும்.