தோளிலும் நெஞ்சிலும் சுமந்த பெயர்கள்

விவிலியம் சொல்லும் ஓபீர் நம் முத்துக்குளித்துறையிலுள்ள உவரிதான், சாலமோனின் கப்பல்கள் பொன் ஏற்றிப்போன துறை இதுவே என்ற நம்பிக்கை இக்கரையில் உண்டு. பெயரின் ஒலியை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது. ஆகவே அதன்மேல் எதையும் கட்டவேண்டாம். எருசலேம் கோவிலையும் முத்துக்குளித்துறையையும் இதைவிட உறுதியான ஒன்றால் சேர்த்துப் பார்க்கலாம். தலைமைக் குருவின் உடைக்கு வேண்டிய நீலமும் ஊதாவும் கடல் தந்தவை. மத்தியதரைக் கடலோரம் பெனிக்கியர் பிடித்த கடல்நத்தையின் சுரப்பியில் துளியளவுதான் சாயம் ஊறும். ஓர் உடைக்கு ஆயிரக்கணக்கில் நத்தை வேண்டும். மூச்சடக்கிச் சங்கு குளித்த மரபினருக்கு அந்த நிறத்தின் விலையை விளக்கவேண்டியதில்லை. இவ்வளவு விலை கொடுத்து நெய்த உடை எதைச் சொல்ல வந்தது என்பதே கேள்வி.

விடுதலைப் பயணம் 28ஆம் அதிகாரம் அந்த உடையை விரித்துச் சொல்கிறது. எல்லாக் குருக்களுக்கும் உரியவை உள்ளங்கி, இடைக்கச்சை, தலைப்பாகை, அரைச்சல்லடம் என்னும் நான்கு. தலைமைக் குருவுக்கு மேலும் நான்கு: தோள்பட்டை வைத்த ஏபோது, மார்புப்பட்டை, மணியும் மாதுளையும் தொங்கும் நீல அங்கி, நெற்றியில் பொற்பட்டம். இவற்றுக்குப் பொருள் கண்டவர்கள் மூன்று வழியில் போனார்கள். முதல் நூற்றாண்டு யூத அறிஞர்களான பிலோவும் யோசேபஸும் உடையில் உலகத்தையே கண்டார்கள். யோசேபஸுக்கு நீலம் வானம், மணியோசை இடி, மாதுளை மின்னல், பன்னிரு கற்கள் பன்னிரு மாதம். யூத மரபு நூலான தால்முதின் ஆசிரியர்கள் ஒவ்வோர் உடையும் ஒரு பாவத்துக்குப் பரிகாரம் என்றார்கள்; தலைப்பாகை செருக்குக்கு, ஓசையெழுப்பும் அங்கி நாவால் செய்த புறங்கூறலுக்கு. கிறிஸ்தவத் தந்தையர் எபிரேயர் திருமுகத்தின் வழிநின்று, இவை வரவிருந்த பெரிய குருவான கிறிஸ்துவின் நிழல் என்றார்கள்.

மூன்றும் மதிப்புக்குரியவை. ஆனால் எந்த விளக்கத்துக்கும் முதல் அளவுகோல், உடையைப் பற்றி மூல நூல் தன் வாயால் சொல்வதுதான். இடியையும் மின்னலையும் அது சொல்லவில்லை. பெயர்களைச் சொல்கிறது. இரு தோள்களில் இரண்டு கற்கள், கல்லுக்கு ஆறாக இஸ்ரயேல் புதல்வரின் பெயர்கள், பிறந்த வரிசையில். நெஞ்சின்மேல் ஒரு சாண் சதுரத்தில் பன்னிரண்டு கற்கள், கல்லுக்கு ஒரு குலத்தின் பெயர். குரு அவற்றைச் சுமந்துகொண்டு ஆண்டவர் முன் போகவேண்டும் என்பதே கட்டளை. சுமை தோளில், அன்பு நெஞ்சில் என்று எந்தக் கடலோரத் தாயும் உடனே புரிந்துகொள்வாள். ஆக, அந்த உடை குருவை உயர்த்திக் காட்ட நெய்ததன்று. அவரை மறைத்து மக்களைக் காட்ட நெய்தது என்பேன்.

மாட்சிக்கும் அழகுக்கும் என்று அதே அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறதுதான். அந்த மாட்சி யாருடையது? ஓர் என்னும் மலையில் ஆரோன் சாகும் வேளையில் அவர் உடையைக் கழற்றி மகன் எலயாசருக்கு உடுத்துகிறார் மோசே. ஆள் போகிறார், உடை நிற்கிறது. ஆட்சியாளர்களும் இதை அறிந்திருந்தார்கள். உரோமையர் தலைமைக் குருவின் உடையை அந்தோனியா கோட்டையில் பூட்டிவைத்து, விழாக்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்; கி.பி. 36 வாக்கில் உரோமை ஆளுநர் வித்தெல்லியுஸ்தான் அதை யூதர் பொறுப்பில் திரும்ப ஒப்படைத்தார் என்கிறார் யோசேபஸ். ஒருவருடைய அணிகலனை எந்தப் பேரரசும் கோட்டைக்குள் வைத்துக் காக்காது. அதை வைத்திருந்தவன் ஒரு மக்களினத்தின் வழிபாட்டையே கையில் வைத்திருந்தான்.

இதைவிடக் கடினமான மறுப்பு லேவியர் 16இல் இருக்கிறது. ஆண்டின் மிகப் புனிதமான பாவக் கழுவாய் நாளில் குரு பொன்னும் பெயர்க்கற்களும் இல்லாமல், வெறும் ஆளிநார்த் துணியில் திருத்தூயகத்துக்குள் நுழைகிறார். பெயர்களே உடையின் உயிர் என்றால் அன்று அவை எங்கே? அன்று அவர் முதலில் தம் பாவத்துக்கும் தம் வீட்டார் பாவத்துக்கும் காளையைப் பலியிடவேண்டியவர். தாமே மன்னிப்புக் கேட்டு நிற்பவர் மாட்சியை இறக்கிவைக்கிறார். அந்த எளிய உடையையும் அங்கேயே விட்டுவிட்டு, குளித்து, வேறு உடுத்தி வந்தபின்தான் தமக்காகவும் மக்களுக்காகவும் எரிபலி செலுத்துகிறார். பொன்னும் அவருடையதன்று, நாரும் அவருடையதன்று.

இந்தப் பழைய வழிபாடு நம் வட்டாரத்துக்கு ஏட்டுச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்துக் கிறிஸ்தவ சபை, ஐரோப்பியக் குருமாரின் அதிகாரத்தை மறுத்து, சனிக்கிழமை ஓய்வுநாளையும் தூபத்தையும் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. உவரி அந்தோணியார் கோவிலில் திருப்பலி நிறைவேற்றும் குருவின் திருவுடையும் ஆரோனிடமிருந்தே நேராக வந்தது என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. வரலாறு அதற்கு இடம் தராது. மேலுடை உரோமையர் போட்ட பயணப் போர்வையின் வழிவந்தது; தொடக்கக் காலத்தில் அன்றாட உடையிலேயே திருப்பலி நடந்தது என்று 9ஆம் நூற்றாண்டில் துறவி வாலாஃப்ரிட் ஸ்திராபோ எழுதினார். வெட்டும் தையலும் வேறு. தன் பெயரைக் கழற்றிவைத்துவிட்டுப் பிறர் பெயரைச் சுமந்து பீடத்துக்குப் போகும் கடமை ஒன்றுதான். மன்றாட்டில் இறந்தோர் பெயரும் நோயாளர் பெயரும் வாசிக்கப்படும்போது அது இங்கேயும் நடக்கிறது.

எருசலேமில் அந்த உடைகள் கிழிந்து பழசானபின் என்ன ஆயின என்பதையும் யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா குறித்து வைத்திருக்கிறது. கூடாரத் திருவிழா இரவுகளில், குருக்களின் நைந்த சல்லடங்களையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத் திரியாக்கி, கோவில் முற்றத்து உயர்ந்த விளக்குகளில் எண்ணெய் விட்டு ஏற்றினார்கள். அந்த வெளிச்சம் விழாத வீட்டு முற்றம் எருசலேமில் ஒன்றுகூட இல்லையாம்.