எண்ணெய்த் தலைக்கு எந்தத் தோல்?

இந்த ரெக்ளைனரின் மோட்டாரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பொத்தானை அழுத்தினால் சத்தமில்லாமல் சாய்கிறது, கால் பலகை எழும்புகிறது, மறுபடி அழுத்தினால் நிமிர்கிறது. கைப்பிடியின் ஓரத்தில் போனுக்கு சார்ஜ் போட யுஎஸ்பி துளை இருக்கிறது. இந்த விலையில் எந்த நிறுவனத்தின் ரெக்ளைனரை வாங்கினாலும் இவை வரும். கரண்ட் போனால் சாய்ந்தபடியே நின்றுவிடும் என்பதால், முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு பேட்டரி இணைப்போடு கேட்டு வாங்குங்கள். இயந்திர சமாச்சாரம் இவ்வளவுதான். விலையை ஏற்றுவதும், வாங்கிய பிறகு நம்மைச் சந்தோஷப்படுத்துவதும் பாடுபடுத்துவதும் மேலே போர்த்தியிருக்கும் தோல்தான். எங்கள் வீட்டு நாற்காலி சென்னையின் கத்திரி வெயிலையும் ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது. இனி அந்தத் தோலைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செமி அனிலின் ரகம், மாட்டுத்தோல், வெல்ல நிறம். பவர்கட் ஆன மே மாத மதியத்தில் இதில் உட்கார்ந்திருந்தால், ரெக்சின் சோபாவில் நடப்பதுபோல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதில்லை. மெல்லிய பூச்சுள்ள தோலின் நார்கள் வியர்வையின் ஈரத்தைக் கொஞ்சம் உள்வாங்கி வெளியே விடுகின்றன. பிளாஸ்டிக் படலத்தால் அது முடியாது. உட்கார்ந்த சில நிமிடங்களில் தோல் உடம்பின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது கைப்பிடியில் மயிர்க்கண்கள் தெரியும். இடது கைப்பிடியில் கடுகளவு ஒரு தழும்பு இருக்கிறது. அந்த மாட்டை உண்ணி கடித்த இடமாக இருக்க வேண்டும். தேய்த்து மழுப்பாத மேல்தோல் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. எனக்கு அந்தத் தழும்பை மிகவும் பிடிக்கும்.

இனி குறை. பெரிய குறை ஒன்றுதான், ஆனால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிற குறை. ஹெட்ரெஸ்ட்.

இந்த நாற்காலியில் அதிகம் உட்காருபவர் என் அப்பா. காலையில் குளித்ததும் தேங்காய் எண்ணெய், சனிக்கிழமையானால் நல்லெண்ணெய்க் குளியல். தலை சாயும் இடத்தில் முதலில் லேசாக நிறம் ஆழ்ந்தது. பிறகு அது உள்ளங்கை அகலத்துக்குக் கருத்த வட்டமானது. இப்போது அந்த இடத்தில் விரலை வைத்து எடுத்தால் மெல்லிய பிசுபிசுப்பு தெரிகிறது. பக்கத்துத் தோலில் தெளிவாக இருக்கும் மயிர்க்கண்கள் அங்கே மழுங்கிவிட்டன. மூக்கை அருகில் கொண்டுபோனால் சிக்குப்பிடித்த எண்ணெய் வாடை. நாற்காலியின் மற்ற பகுதிகள் புதிது போலவே இருக்கின்றன.

"அப்பா, எண்ணெய் காஞ்ச பிறகு சாஞ்சுக்கங்களேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"தேங்காயெண்ணெய் எங்கடா காயும்? காயாதுன்னுதானே தலையில வைக்கிறோம்" என்றார்.

ரசாயனப்படியும் அவர் சொன்னது சரி. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் படலமாக இறுகும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும். அது உறைவதற்கு வெப்பநிலை 24 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். சென்னையில் மார்கழி விடியற்காலைகளை விட்டால் அது எப்போதும் திரவம்தான். திரவமாக இருப்பது ஊறிக்கொண்டே போகும். நல்லெண்ணெய் இன்னொரு விதம். அது மெதுவாக ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். பிசுபிசுப்புக்கும் வாடைக்கும் அதன் பங்கு அதிகம்.

தோலின் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த எண்ணெய் உள்ளே போவதும் வெளியே நிற்பதும். சோபாத் தோலை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். சாயம் மட்டும் ஏற்றி, மேலே ஏறக்குறைய எதுவும் பூசாமல் விட்டால் அனிலின். சாயம் ஏற்றி மெல்லிதாக நிறப்பூச்சும் பாதுகாப்புப் படலமும் கொடுத்தால் செமி அனிலின். கனமாகப் பூசி மூடினால் பிக்மென்டட். கடையில் கண்டுபிடிக்க எளிய வழி, கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது. உடனே ஊறி அந்த இடம் கருத்தால் அனிலின். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. எண்ணெயோ தண்ணீரைவிடப் பொறுமைசாலி. மேல்படலம் மெல்லிதாக இருந்தால் நாள்பட அதை இளக்கி, விரிசல் கண்ட இடத்தில் புகுந்து, நாருக்குள் போய்விடும். பதனிடும்போது மிருதுவாக இருக்க வேண்டும் என்று உருளைக்குள் போட்டு ஏற்கெனவே கொழுப்பு ஏற்றிய தோல் அது. அங்கே நம் வீட்டு எண்ணெயும் போய்ச் சேர்ந்தால் நார்கள் தளர்ந்து, மேலிருக்கும் பூச்சின் பிடிப்பும் விட்டுப்போகும். வியர்வையும் அதன் உப்பும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன.

கடையில் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். விலைப்பட்டியலில் அனிலின் உச்சியில் இருக்கும், செமி அனிலின் அதற்கடுத்து, பிக்மென்டட் கடைசியில். விற்பனைக்காரர் அந்த வரிசையையே தர வரிசையாகச் சொல்லி நம்மை மேலே ஏற்றப் பார்ப்பார். தழும்பில்லாத அரிய தோலைத்தான் பூச்சில்லாமல் விட முடியும், அதனால் அது விலை கூடியது. உழைக்குமா என்பது வேறு கேள்வி. தலைக்கு எண்ணெய் வைக்கிற வீட்டில் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். "வீட்டில் யாராவது தலைக்கு எண்ணெய் வைப்பார்களா?" என்று ஒரே ஒரு கேள்வியை எங்களிடம் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி தமிழ்நாட்டில் தோல் நாற்காலி விற்கும் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டிய கேள்வி.

எண்ணெய்த் தலை நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் பூசித் தலைவாரினார்கள். வீட்டுப் பெண்கள் நாற்காலி முதுகுகளில் பின்னல் துணி போட்டு மெத்தையைக் காப்பாற்றினார்கள். பிறகு ரயில் இருக்கைகளுக்கும் விமான இருக்கைகளுக்கும் அந்தத் துணி வந்தது. இன்று தலைக்கு எண்ணெய் வைக்காத ஊர்களுக்காக வடிவமைத்த நாற்காலி அந்தத் துணியை உதறிவிட்டு நம் கூடத்துக்கு வந்திருக்கிறது.

நாங்களும் துண்டுதான் போட்டோம். மெல்லிய துண்டு போதாது. எண்ணெய் அதில் ஊறி மறுபக்கம் வந்துவிடுகிறது, துவைக்காமல் விட்டால் எண்ணெயைத் தோலோடு அழுத்திப் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. தடித்த டர்க்கி டவலை இரண்டாக மடித்துப் போட்டு, இரண்டு நாளுக்கொரு முறை மாற்றினால் கறை பரவுவது நிற்கிறது. வெளிர் நிறத் துண்டாக இருக்கட்டும். அடர்நிறத் துண்டின் சாயம் தோலில் ஏறிவிடும். புது நீல ஜீன்ஸும் இதே சேதத்தைச் செய்யும்.

ஏற்கெனவே இறங்கிய எண்ணெய்க்கு வைத்தியம் கறையின் வயதைப் பொறுத்தது. அன்றைக்கு விழுந்த கறை என்றால் சோளமாவைக் கனமாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். மாவு மஞ்சளாவது நிற்கும்வரை திரும்பச் செய்யலாம். எங்கள் ஹெட்ரெஸ்டில் புதுக் கறை மங்கியது, பழைய வட்டம் அசையவில்லை. பழையதற்குத் தோலுக்கென்றே விற்கும் டிகிரீஸர் வேண்டும். அதையும் முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

செய்யக் கூடாதவற்றை உரக்கச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் ஒரு யோசனை இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்பு வேண்டாம். பதனிட்ட தோல் அமிலத்தன்மை கொண்டது, சோப்பின் காரம் அதற்கு ஆகாது. ஹேண்ட் சானிட்டைசர் கூடவே கூடாது. அதிலுள்ள ஆல்கஹால் மேல்பூச்சையே கரைத்து எடுத்துவிடும். ஷூ பாலிஷ் போட்டால் உட்காருகிறவர் வேட்டியில் ஒட்டும். எல்லாவற்றிலும் மோசமான யோசனை, தோல் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவது. நான் இதுவரை விவரித்த நோயை நாற்காலி முழுவதற்கும் வரவழைக்கும் யோசனை அது. வாரம் ஒருமுறை வாக்வம் கிளீனரின் பிரஷ் முனையால் தூசி எடுத்து, ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கான கண்டிஷனர், அதுவும் துளியளவு.

கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே சோபாவில் உட்காருகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தோலுக்கு அது கேடு. கார்த்திகை மழையில் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். எங்கள் நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம், ஒரு பொட்டுப் பூஞ்சைகூட வரவில்லை. மேற்கு வெயில் நேரே விழாத இடமாகவும் பார்த்துக்கொண்டோம். பூச்சு குறைந்த தோல் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஜிப்பைத் திறந்து பாருங்கள். தோலின் பின்பக்கம் நார் நாராக, வெல்வெட் போல இருக்கும். ரெக்சினின் பின்பக்கம் துணி நெசவு தெரியும். எங்கள் நாற்காலியில் உடம்பு படும் இடமெல்லாம் தோல், பக்கவாட்டும் பின்புறமும் ரெக்சின். இந்தக் கலப்பு உலகம் முழுக்க இருக்கிறது, அதில் தவறும் இல்லை. தலையும் முதுகும் படாத இடத்துக்குத் தோல் எதற்கு? ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஐக்கியா தன் தோல் சோபாக்களில் எந்தப் பக்கம் தோல், எந்தப் பக்கம் பூச்சுத் துணி என்று விவரக்குறிப்பிலேயே எழுதுகிறது. எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் விவரச்சீட்டில் 'ஜெனுயின் லெதர்' என்ற இரண்டு சொல் மட்டுமே இருந்தது. அந்த இரண்டு சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மேல்தோலை உரித்தெடுத்த பின் மிஞ்சும் கீழ்ப்படலமான ஸ்ப்ளிட்டும் சட்டப்படி தோல்தான். ரெக்சின் போன்ற பாலியூரிதேன் உறைகள் நம் கடற்கரை ஈரத்தில் சில வருடங்களில் செதில் செதிலாக உரிவதைப் பார்த்தவர்கள், பக்கவாட்டு ரெக்சின் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பது நியாயம்.

பழுது பார்க்க வந்த குஷன் வேலைக்காரர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஹெட்ரெஸ்ட்ட மட்டும் கழட்ட முடியாது, முதுகு மொத்தமும் பிரிக்கணும். பிரிச்சாலும் இதே கலர் தோல் கிடைக்காது" என்றார். ஒவ்வொரு முறை சாயமிடும்போதும் நிறம் சற்றே மாறும் என்பதால் அவர் சொன்னது உண்மை. அதிகம் அழுக்காகும் ஒரே பகுதியைக் கழற்ற முடியாதபடி தைத்து மூடியது வடிவமைப்பின் குறை. ஜிப் வைத்துத் தனியாகத் தைத்து, அதே தோலில் ஓர் உபரி உறையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நான் இந்த நாற்காலியை எல்லோருக்கும் சிபாரிசு செய்திருப்பேன்.

நம் மாநிலத்தில் இது நடக்க முடியாத காரியமும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களில் தலைமுறைகளாகத் தோல் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொழிலின் கழிவால் அந்த ஆறும் அங்குள்ள கிணறுகளும் கொடுத்த விலை பெரிது, 1996இல் உச்ச நீதிமன்றமே அதைப் பற்றித் தீர்ப்பு எழுதியது. அவ்வளவு விலை கொடுத்து உருவாகும் தோல் ஒரு வீட்டில் இருபது வருடம் உழைக்க வேண்டாமா? அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ஐஎஸ்ஓ 11640 என்ற உரசல் சோதனையில் தோலைக் காய்ந்த கம்பளித் துண்டாலும் ஈரத் துண்டாலும் செயற்கை வியர்வையில் நனைத்த துண்டாலும் தேய்த்துப் பார்க்கிறார்கள். அதோடு தேங்காய் எண்ணெயில் நனைத்த ஒரு துண்டையும் சேர்த்து, முடிவை விலைச்சீட்டில் அச்சிடும் முதல் தமிழ்நாட்டு நிறுவனத்தின் நாற்காலியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

அதுவரை, இதே ரெக்ளைனரை பிக்மென்டட் தோலில் கேளுங்கள். மயிர்க்கண் அழகு குறையும், கோடையில் இந்த அளவு குளிர்ச்சியாக இருக்காது, ஆனால் எண்ணெய் மேலேயே நிற்கும், துடைத்தால் போகும், விலையும் குறைவு. வீட்டில் யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை என்றால் செமி அனிலினே வாங்குங்கள், அதன் சுகம் வேறு. இரண்டில் எதுவானாலும் வெளிர் நிறம் வேண்டாம், அடர் பழுப்புக்குப் போங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே ஹெட்ரெஸ்ட் அளவுக்கு அதே தோலில் ஒரு துண்டைத் தனியாக வெட்டித் தரச் சொல்லி, அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.