ஃபார்ஸ்டரின் சோலையும் அபூதல்ஹாவின் தோட்டமும்

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1926ஆம் ஆண்டில் எழுதிய 'என் சோலை' என்னும் கட்டுரை அச்சில் சில பக்கங்களே கொண்டது. 1936இல் வெளிவந்த 'அபிஞ்சர் ஹார்வெஸ்ட்' என்னும் தொகுதியில் அது இடம்பெற்றது. தமக்கென ஒரு சிறு சோலையை விலைக்கு வாங்கிய மனிதர், வாங்கிய பின் தம் உள்ளத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தம்மையே நகைத்துக்கொண்டு கூறுவது அது. ஆங்கில இலக்கிய மாணவர்கள் அதனை நகைச்சுவைக்காகப் படிக்கிறார்கள். நம் மத்ரஸாக்களில் தஸவ்வுஃபு நூல்களைப் பாடம் நடத்துவோரும் அதனை ஒருமுறை படிக்கவேண்டும் என்பது எம் கருத்து. உடைமை மனிதனின் நஃப்ஸை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதை இத்துணைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் சொன்ன நவீன உரைநடை வேறொன்றை நாம் கண்டதில்லை. நோயை இவ்வளவு நன்கு அறிந்தவர் மருந்தின் பக்கம் திரும்பியும் பாராதது ஏன் என்பதே நம் வினா.

அந்தச் சோலைக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் உண்டு. அதனை வாங்கிய பணம் 1924இல் வெளிவந்த 'எ பாசேஜ் டு இந்தியா' என்னும் நாவலால் வந்தது. அமெரிக்க வாசகர்கள் அந்நூலை விரும்பி வாங்கியதால் கையில் சேர்ந்த தொகை அது. அஸீஸ் என்னும் முஸ்லிம் மருத்துவரை நடுவில் நிறுத்திய அந்நாவல் ஸையித் ராஸ் மஸ்ஊதுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஸர் ஸையித் அஹ்மத் கானின் பேரரும், பிற்காலத்தில் அலிகர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அமர்ந்தவருமான மஸ்ஊதுக்கு அவர்தம் இளமையில் லத்தீன் கற்பித்தவர் ஃபார்ஸ்டர். சர்ரே மாவட்டத்தின் அபிஞ்சர் சிற்றூரிலுள்ள ஒரு துண்டு நிலத்தின் விலையில் ஓர் இந்திய முஸ்லிமின் நட்புக்கும் பங்குண்டு என்றால் மிகையாகாது.

சோலை என்னும் சொல்லை நாம் எடுத்தாண்டதற்குக் காரணம் கூறவேண்டும். 'உட்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் காடு என்று பெயர்த்தால் நம்மவர் கண்முன் யானையும் புலியும் வந்து நிற்கும். தோப்பு என்றாலோ தென்னையை வரிசையாக நட்டுக் காய்க்கு விலை பேசும் இடமாகிவிடும். ஃபார்ஸ்டர் வாங்கியது இரண்டும் அன்று. ஓக்கு, பீச்சு, ஹேஸல் முதலிய அகன்ற இலை மரங்கள் தாமே முளைத்தும், வெட்ட வெட்டத் தழைத்தும் நிற்கும் சிறு மரக்கூட்டங்கள் அந்நாட்டில் மிகுதி. குளிர்காலத்தில் இலை முழுதும் உதிர்ந்துவிடுவதால் இளவேனிலில் புதுத்தழை மூடுமுன் வெயில் தரையைத் தொடும். அந்தச் சில வாரங்களுக்குள் 'புளூபெல்' என்னும் நீலப்பூக்கள் நிலமெங்கும் பூத்து முடிந்துவிடும். இத்தகைய சோலைகளை மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று வாங்கி, ஓய்வு நாளில் போய் அமர்ந்துவிட்டு வருவோர் அங்கே இன்றும் பலர். நடுவே ஓடையொன்று ஓடினால் அவர்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஆனால் அங்கு வீடு கட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. மூன்று மாதங்களுக்கு ஐந்து கனமீட்டருக்கு மேல் மரம் வெட்ட உரிமம் வேண்டும். விலை கொடுத்தவனுக்கே இத்தனை தடைகள் என்றால் 'என்னுடையது' என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? ஃபார்ஸ்டரின் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

அவருடைய சோலை சிறியது, மரமும் அதிகமில்லை, போதாதற்குப் பொதுப்பாதை ஒன்று அதனை ஊடறுத்துச் செல்கிறது. அதுவே அவரிடம் நான்கு மாறுதல்களைச் செய்துவிட்டதாம். முதலாவது, உடல் கனத்துவிட்டது போன்றதோர் உணர்வு. செல்வனையும் ஊசிக் காதில் நுழைய முயலும் ஒட்டகத்தையும் இணைக்கும் இன்ஜீலின் உவமையை அவர் இங்கே எடுத்தாளுகிறார். அவ்வுவமை திருக்குர்ஆனிலும் அல்அஃராஃபு அத்தியாயத்தில் (7:40) வருகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைச் சார்த்தி வரும் ஓர் ஓதலில், ஒட்டகத்தைக் குறிக்கும் 'ஜமல்' என்பது தடித்த கப்பற் கயிற்றைக் குறிக்கும் 'ஜும்மல்' என்றிருக்கும். ஊசிக்குக் கயிறே பொருத்தம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அங்கே வாயில் அடைக்கப்படுவது இறைவசனங்களைப் பொய்யாக்கிப் பெருமையடித்தோருக்கு. ஃபார்ஸ்டரிடம் கனப்பது சொத்து. நம்மிடம் கனப்பது கிப்ரு. இந்த வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இரண்டாவது மாறுதலைச் சொல்லுமிடமே கட்டுரையின் உயிர். சோலையில் சுள்ளி முறியும் ஓசை கேட்கிறது. யாரோ பழம் பறிக்கிறான் என்று சினம் எழுகிறது. நெருங்கிப் பார்த்தால் ஒரு பறவை! உடனே மகிழ்ச்சி: இது நம் பறவை. பறவைக்கு அந்த உறவு தெரியவில்லை. அஞ்சி எழுந்து வேலியைத் தாண்டி அண்டை வீட்டு அம்மையாரின் வயலில் போய் அமர்ந்துகொள்கிறது. அந்த நொடியிலேயே அது அம்மையாரின் பறவையாகிவிட்டது! அந்த வயலும் தமதானால் இந்த இழப்பு நேர்ந்திராதே என்று நினைக்கும் அவர் மனம், வேலிக்கு வேலி தாண்டி, உலகு முழுதும் தமதானாலன்றி அமைதியில்லை என்னுமிடத்தில் போய் நிற்கிறது. ஆசையின் எல்லையின்மையைக் காட்ட ஒரு பறவையைத் தவிர வேறெதையும் அவர் செலவிடவில்லை.

இதனைப் படிக்குந்தோறும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தாவில் வரும் மற்றொரு பறவை நம் நினைவுக்கு வருகிறது. அபூதல்ஹா அல்அன்ஸாரீ (ரலி) தம் தோட்டத்தில் தொழுதுகொண்டிருக்கிறார்கள். காட்டுப்புறா ஒன்று பறந்து, வெளியேற வழி தேடி அங்குமிங்கும் அலைகிறது. அந்தக் காட்சி அவர்கள் மனத்தைக் கவர, சற்று நேரம் கண்கள் அதன்பின் செல்கின்றன. தொழுகைக்கு மீண்டபோது எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது தெரியவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று, இந்தச் செல்வத்தால் தமக்கு ஃபித்னா நேர்ந்ததென்று கூறி, அதனைத் தர்மமாக ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இரண்டு பறவைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஃபார்ஸ்டரின் பறவை எளிதாக வெளியேறிவிட்டது, அவர் வருந்தினார். அபூதல்ஹாவின் புறாவுக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை, அவர்கள் மகிழ்ந்தார்கள். பேரீச்ச ஓலைகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தன என்று உரையாசிரியர்கள் விளக்குவர். தோட்டத்தைக் குறிக்க அந்த ஹதீஸில் வரும் 'ஹாயிஃத்' என்னும் அரபுச் சொல்லுக்குச் சுவர் என்பதே முதற்பொருள் என்பதும் கருதத்தக்கது. இழந்தபோது வரும் வருத்தத்தில் உடைமையின் தீமையைக் கண்டவர் ஆங்கில ஆசிரியர். நிறைவில் வரும் மகிழ்ச்சியிலேயே அதனைக் கண்டவர் அன்ஸாரித் தோழர். பின்னதே நுண்ணிய பார்வை. இழப்பில் எவனும் விழித்துக்கொள்வான்.

முஅத்தா இன்னொன்றையும் அடுத்துச் சொல்கிறது. மதீனத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் பழக்குலைகளின் அழகால் தொழுகையில் தடுமாறிய வேறோர் அன்ஸாரி தம் தோட்டத்தை உஸ்மான் (ரலி) அவர்களிடம் தர்மமாக ஒப்படைத்தார். கலீஃபா அதனை ஐம்பதினாயிரத்துக்கு விற்க, அந்த நிலத்துக்கு 'ஐம்பது' என்றே பெயர் வழங்கியதாம். உடையவர் பெயர் நிலைக்கவில்லை, விலை பெயராயிற்று. ஃபார்ஸ்டர் அறிந்திருந்தால் இதனை மிகவும் சுவைத்திருப்பார்.

மூன்றாவது மாறுதல், வாங்கியதை ஏதேனும் செய்யவேண்டும் என்னும் அரிப்பு. மரத்தை வெட்டலாமா, வெற்றிடத்தில் நடலாமா என்று மனம் அலைகிறது. அது படைப்பும் அன்று, துய்ப்பும் அன்று, இரண்டின் போலி என்கிறார். இங்கே அவர் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்பது எம் எண்ணம். ரிச்சர்ட் ஃபோர்ட்டி என்னும் தொல்லுயிர் அறிஞர் 2011இல் ஹென்லி நகருக்கு அருகில் நான்கு ஏக்கர் பீச்சுச் சோலையை வாங்கி, மாதந்தோறும் அங்குள்ள பூஞ்சையையும் பூச்சியையும் கல்லையும் பாசியையும் ஆராய்ந்து 2016இல் ஒரு முழுநூலே எழுதினார். வெட்டாமலும் நடாமலும் வெறுமனே அறிந்துகொள்வதும் ஒரு செயல்தான். தஃபக்குரு என்னும் சொல்லை நாம் ஓதுகிறோம்; ஓர் இலையைக் கையிலெடுத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

சோலையும் ஓடையும் சேர்ந்த உடைமையைத் திருக்குர்ஆனே நமக்குக் காட்டியிருக்கிறது. அல்கஹ்ஃபு அத்தியாயத்து மனிதனுக்கு இரண்டு திராட்சைத் தோட்டங்கள். சுற்றிலும் பேரீச்சை, இடையே பயிர்நிலம், நடுவே ஆறு. அவன் வேலியிட்டான் என்றோ எவரையும் விரட்டினான் என்றோ அங்கே கூறப்படவில்லை. தோழனிடம் தன் செல்வத்தையும் ஆள்பலத்தையும் ஒப்பிட்டான். இது ஒருநாளும் அழியாது என்றான். குற்றம் நாவில் பிறந்தது. தோழனோ, அந்த நீர் பூமிக்குள் ஆழ்ந்துவிட்டால் அதனை உன்னால் தேடிக்கொள்ள இயலாதே என்று எச்சரித்தான். மரத்தைத் தனதென்று சொல்பவனும் தண்ணீரை அவ்வாறு சொல்லத் தயங்கவேண்டும். ஆங்கிலச் சட்டத்திலும் கரைக்குரியவனுக்கு ஓடையின் நடுக்கோடு வரை தரை சொந்தமாகலாம். ஓடும் நீர் சொந்தமாகாது. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரிக்கும் ஹர்ரா வாய்க்காலைப் பற்றி வழக்கு எழுந்தபோது, மேல்நிலத்தான் தன் தேவைக்குப் பாய்ச்சிப் பின் அண்டையானுக்கு விடவேண்டும் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள். ஃபார்ஸ்டரின் கட்டுரையில் ஓடை இல்லை. இருந்திருந்தால் பறவையைப் போலவே அதுவும் வேலிக்கு அப்பால் போய் அவரை வருத்தியிருக்கும்.

நான்காவது மாறுதல் பிளாக்பெர்ரிப் பழங்களைப் பற்றியது. பொதுப்பாதையில் நடப்போர் அவற்றைப் பறிக்கிறார்கள். லைம் ரீஜிஸ் என்னும் ஊரில் வேறொரு சோலைக்காரர் பாதையின் இருபுறமும் உயர்ந்த கற்சுவர் எழுப்பி, மேலே பாலமும் கட்டிக்கொண்டாராம். மக்கள் கரையான்களைப் போலக் கீழே ஊர்ந்து போக, அவர் மேலே தனியாகப் பழம் தின்பார். தாமும் அவ்வாறே ஆகிவிடுவோம், போல்ஷ்விக்குகள் வந்து பறிக்கும் வரை அந்த இனிப்பைச் சுவைப்போம் என்று நகைத்துக் கட்டுரையை முடிக்கிறார்.

இந்த முடிவில்தான் நமக்கு உடன்பாடில்லை. சுவர் அல்லது பறிமுதல் என்னும் இரண்டுக்கும் இடையே அவருக்கு வேறு வழி தென்படவில்லை. முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்பது ஹதீஸ். திருடப்பட்டதும் தர்மமே என்று ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பு ஒன்று கூடுதலாகச் சொல்கிறது. இதனை நம்பியவன் சுள்ளி முறியும் ஓசை கேட்டால் எழுந்து ஓடவேண்டியதில்லை. தோட்டத்தில் நுழைபவன் உண்ணலாம், மடியில் கட்டிச் செல்லலாகாது என்னும் அறிவிப்பும் உண்டு. பெரும்பாலான இமாம்கள் இதனை உடையவனின் இசைவுக்கோ நெருக்கடிக்கோ உட்படுத்துவர். ஹன்பலீ நூல்களோ சுவரும் காவலனும் இல்லாத தோட்டத்தில் வழிப்போக்கனுக்கு அனுமதி வழங்கும். சுவர் எழுப்பாமையே ஓர் இசைவு என்று கொண்ட அந்தச் சட்ட நுட்பம் லைம் ரீஜிஸ் சுவரைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அனைத்துக்கும் மேலாக உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம் இருக்கிறது. தாம் பெற்றவற்றுள் மிகச் சிறந்த அந்த நிலத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, மூலத்தை நிறுத்திக்கொண்டு பயனைத் தர்மமாக்கும்படி வழி காட்டப்பட்டது. விற்கக்கூடாது, நன்கொடையாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுரிமையாகவும் போகக்கூடாது. பயன் ஏழைக்கும் உறவினனுக்கும் விருந்தினனுக்கும் வழிப்போக்கனுக்கும். பொறுப்பாளன் முறையாக உண்ணலாம், நண்பனுக்கும் ஊட்டலாம், சேர்த்துவைக்கலாகாது. ரகபா என்னும் மூலத்தையும் மன்ஃபஅத் என்னும் பயனையும் பிரித்த அறிவு இது. இந்தப் பிரிவினை ஏன் தேவை என்பதை அபூதல்ஹா (ரலி) அவர்களின் பைருஹாத் தோட்டமே காட்டும். பள்ளிவாசலுக்கு எதிரே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்று நன்னீர் அருந்திய அத்தோட்டத்தை அவர்கள் உறவினர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பங்கு பெற்ற கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) பின்னாளில் தம் பங்கை முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அபூதல்ஹாவின் தர்மத்தையா விற்கிறீர் என்று கேட்டவருக்கு, ஒரு மரக்கால் பேரீச்சம்பழத்தை ஒரு மரக்கால் திர்ஹத்துக்கு விற்கமாட்டேனா என்று அவர்கள் விடை பகர்ந்ததாகப் புகாரீயில் உண்டு.

கட்டுரையை விட ஃபார்ஸ்டரின் செயல் உயர்ந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். அவர் சுவர் எழுப்பவில்லை. பைனி காப்ஸ் என்னும் அச்சோலையை, இயற்கையழகும் வரலாற்றுச் சிறப்பும் உள்ள இடங்களைப் பொதுமக்களுக்காகப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்புக்கு விட்டுச் சென்றார். 1895இல் தோன்றிய அவ்வமைப்புக்கு, தன் நிலங்களைக் கைமாற்ற இயலாதவை என்று அறிவிக்கும் அதிகாரத்தை 1907ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கிறது. வக்ஃபு என்னும் பெயர் அங்கில்லை. பொருள் ஏறத்தாழ அதுவே. நம்மிடம் பெயர் இருக்கிறது. வழிப்போக்கர்க்கென எழுதிவைத்த தோப்பின் மதில்மேல் கண்ணாடிச் சில் பதித்திருப்பதை நாம் ஓரூரில் கண்டதுண்டு. முத்தவல்லியின் வீட்டுத் திண்ணையில் அந்தத் தோப்பின் மாங்காய்கள் குவிந்து கிடந்தன.

இக்கட்டுரையை யாரேனும் தமிழாக்கம் செய்யவேண்டும். செய்வோர்க்கு ஒரு வேண்டுகோள்: பிளாக்பெர்ரியை நாவற்பழம் ஆக்கிவிடவேண்டாம். நாவல் உயர்ந்த மரத்திலிருந்து தானே உதிர்வது. இதுவோ பாதையோரத்து முட்புதரில் காய்ப்பது. வழியில் போகிறவன் நின்று, முள்ளை விலக்கி, ஒவ்வொன்றாகப் பறிக்கவேண்டியது. அவன் அவ்வாறு நிற்கும் நேரத்தில்தான் சோலைக்காரருக்குக் கோபம் வருகிறது.