யாருடைய கம்ப்யூட்டரிலும் மாட்டாத பிரிண்டர்

"அக்கா, சிஸ்டத்தை ஆஃப் பண்ணிடாதீங்க, இன்னும் ரெண்டு சலான் பிரிண்ட் போகணும்!" மாதத்தின் 20-ம் தேதி நெருங்கும்போது சிறிய ஆடிட்டர் அலுவலகங்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்கும் குரல் இது. பிரிண்டர் என்னவோ அலுவலகத்துக்கே பொது. அதன் யூஎஸ்பி ஒயர் மட்டும் ஒருவருடைய கம்ப்யூட்டரில் போய் முடிகிறது. அவர் பஸ் பிடிக்கக் கிளம்பினால் மற்ற ஐந்து பேரின் பிரிண்டும் அவரோடு கிளம்பிவிடும்.

விண்டோஸில் ஷேர் செய்து ஓட்டும் இந்த முறைக்கு 2021-ல் பெரிய அடி விழுந்தது. அந்த ஆண்டின் நடுவில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. அதை ஒட்டி வரிசையாக அப்டேட்டுகள் வந்தன. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, '11பி' என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி ஷேர் பிரிண்டர்கள் இணைய மறுத்தன. பலர் அப்டேட்டையே கழற்றிவிட்டுச் சமாளித்தார்கள். வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள் கிடக்கும் கம்ப்யூட்டரில் செய்யக் கூடாத வேலை அது.

ஒயரை யாருடைய கம்ப்யூட்டரிலும் செருகாமல், எப்போதும் விழித்திருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் செருகிவிட்டால் என்ன? அந்தப் பெட்டியாக இங்கே எடுத்துக்கொண்டது ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ. 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வெளிவந்த இந்த போர்டு 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். கிட்டத்தட்ட சூயிங்கம் பாக்கெட் அளவு. நான்கு கோர் பிராசஸரும் 512 எம்பி நினைவகமும் வைஃபையும் உண்டு. லேன் போர்ட் கிடையாது. பிரிண்டரை மாட்ட ஓடிஜி கேபிளும் தேவை. பிரிண்டர், ஊரெல்லாம் பார்க்கும் எச்பி லேசர்ஜெட் 1020. '12ஏ' டோனர் போடுகிற அந்தக் குட்டை மெஷின்தான்.

மென்பொருளின் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1990-களின் இறுதியில் எழுதத் தொடங்கியது. 2007-ல் ஆப்பிள் இதன் உரிமையை வாங்கியது. மேக் கம்ப்யூட்டர்கள் இன்றும் இதை வைத்துத்தான் அச்சிடுகின்றன. லினக்ஸில் இதற்குக் காசு கிடையாது.

மெமரி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பை ஏற்றி, கப்ஸை நிறுவி, நம் பயனர் பெயரை 'எல்பி அட்மின்' குழுவில் சேர்த்தால் அடித்தளம் முடிந்தது. வெளிக் கம்ப்யூட்டர்களிலிருந்து நிர்வகிக்கவும் ஒரு அனுமதி கொடுக்க வேண்டும். அதன் பிறகு திரையும் கீபோர்டும் வேண்டாம். பக்கத்து மேசை பிரவுசரில் பையின் ஐபி முகவரியையும் 631 என்ற போர்ட் எண்ணையும் அடித்தால் நிர்வாகப் பக்கம் திறக்கிறது. பிரிண்டரைச் சேர்க்கும் திரையின் அடியில் 'ஷேர் திஸ் பிரிண்டர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட மறந்தால் சோதனைப் பக்கம் அழகாக வரும். ஆனால் அலுவலகத்தில் ஒருவர் கண்ணுக்கும் பிரிண்டர் தெரியாது. முதல் தடவை செய்கிறவர்கள் அரை நாள் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

காகித அளவையும் அதே பக்கத்தில் பார்த்துவிட வேண்டும். 'லெட்டர்' என்று இருந்தால் ஏ4 ஆக்க வேண்டும். ஏ4 தாள் 18 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அதை லெட்டர் என்று நினைத்துக்கொண்டால் அடியில் கையெழுத்துப் போடுகிற வரி காணாமல் போகலாம்.

விண்டோஸ் பக்கம் ஒரு பொறி இருக்கிறது. பிரிண்டரை முகவரி கொடுத்துச் சேர்க்கும்போது டிரைவர் எது என்று கேட்டால், கை தானாகவே எச்பி 1020-ஐத் தேடும். அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த டிரைவர் பிரிண்டரின் சொந்த மொழியில் எழுதி அனுப்பும். கப்ஸ் எதிர்பார்ப்பதோ பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழி. 'ஜெனரிக்' வகையில் இருக்கும் 'எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்' என்ற டிரைவர் இதற்குப் பொருந்தும். மொழிபெயர்ப்பு வேலையை பை பார்த்துக்கொள்ளும். வானவில், பாமினி என்று பழைய ஃபாண்டுகளில் கடிதம் அடிக்கிறவர்களும் கவலைப்பட வேண்டாம். எழுத்துகள் வடிவமாகவே போய்ச் சேருவதால் பையில் தமிழ் ஃபாண்ட் ஏற்ற வேண்டியதில்லை.

இந்த மொழிபெயர்ப்புதான் பெட்டியின் உண்மையான உழைப்பு. 600 டிபிஐயில் ஓர் ஏ4 பக்கம் என்பது ஏறக்குறைய மூன்றரைக் கோடி புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் 4.3 எம்பி. 1020-இன் நினைவகமோ வெறும் 2 எம்பி. ஆகவே பக்கத்தை வரைந்து சுருக்கித் தருவது முழுக்கக் கம்ப்யூட்டரின் பொறுப்பு. வேர்டு கடிதம், ரிட்டர்ன் ஒப்புகை போன்றவற்றுக்கு ஸீரோ 2 டபிள்யூ தாராளமாகப் போதும். ஸ்கேன் செய்த ஐம்பது பக்கப் பத்திரத்தைக் கொடுத்தால் திணறும். பத்திர வேலை அதிகமுள்ள இடத்தில் லேன் போர்ட் உள்ள ராஸ்பெர்ரி பை 4 வாங்குவதே சரி. வைஃபை தொல்லையும் இருக்காது.

1020-க்கு இன்னொரு குணம் உண்டு. அணைத்தால், தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மறந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டர் அதை ஊட்ட வேண்டும். விண்டோஸ் டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. பையிலும் இதற்கு வழி செய்ய வேண்டும். செய்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் ஒருமுறை உறுமி அடங்கும். மறுகணம் இன்னொரு முறை உறுமும். அந்த இரண்டாவது உறுமல்தான் ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். கூடவே கப்ஸில் பிழை நேரும்போது 'ஸ்டாப் பிரிண்டர்' என்றிருந்தால் 'ரீட்ரை ஜாப்' என்று மாற்ற வேண்டும். அப்போதுதான் வரிசையில் நின்ற சலான் தானாக வெளியே வரும். பையை யூபிஎஸ்ஸில் மாட்டுவது கட்டாயம். திடீரென்று அணைந்தால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

ரூட்டரில் பையின் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் என்றாவது ஒரு காலையில் முகவரி மாறி, ஆறு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று நிற்கும்.

பாதுகாப்பில் கப்ஸுக்கும் களங்கம் உண்டு. 2024 செப்டம்பரில், பிரிண்டர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் 'கப்ஸ் பிரவுஸ்டு' என்ற அதன் துணைச் சேவையில் கடுமையான ஓட்டை இருப்பது வெளியானது. ஒரே பிரிண்டரைப் பகிர்ந்து கொடுக்க அந்தச் சேவை தேவையே இல்லை; நிறுத்திவிடலாம். 631 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. அச்சான கோப்பின் நகலை கப்ஸ் வழக்கமாக ஒரு நாள் வைத்திருக்கும் என்பதையும் ஆடிட்டர்கள் கவனிக்க வேண்டும். அந்த அமைப்பை 'நோ' என்று மாற்றினால் வேலை முடிந்ததும் நகல் போய்விடும்.

மனதுக்கு மிகவும் பிடித்தது ஃபோன் அச்சுதான். கப்ஸும் அவாஹி என்ற சேவையும் சேர்ந்து, வைஃபையே இல்லாத இந்தப் பழைய பிரிண்டரை ஐஃபோனுக்கு ஏர்பிரிண்ட் பிரிண்டராகக் காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் நகலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றாமலே, ஃபோனிலிருந்தே அச்சுக்கு அனுப்பலாம்.

ஆனால் போர்டை வாங்கும் முன் பிரிண்டரின் மாடலைப் பார்த்தே ஆக வேண்டும். 1020-க்கு அடுத்தபடி நம் ஊர்க் கடைகளில் நிறைந்திருக்கும் கேனன் எல்பிபி 2900-க்குக் கேனன் தந்த லினக்ஸ் டிரைவர், இன்டெல் வகைப் பிராசஸர்களுக்கானது. பையில் இருப்பதோ ஆர்ம் பிராசஸர். தன்னார்வலர்கள் எழுதிய மாற்று டிரைவர் இருந்தாலும், அலுவலக வேலையை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. 2900 வைத்திருப்பவர்கள் மூலையில் கிடக்கும் பழைய இன்டெல் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி இதே கப்ஸை முயலலாம். புதுப் பிரிண்டர் வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம்; லேன் போர்ட்டும் ஏர்பிரிண்ட் வசதியும் உள்ள மாடலாகக் கேட்டு வாங்கினால் போதும்.